வருதல் என்னும் வினை: எல்லை நாட்டில் ஒரு சொல்லாராய்ச்சி

மொழிகளின் உறவை ஆராயப் புகுவோர் பெயர்ச்சொற்களைக் காட்டிலும் வினைச்சொற்களையே முதற்கண் நோக்குதல் நன்று. பெயர்கள் பொருள்களோடு கூடவே ஊர்விட்டு ஊர் செல்லும் இயல்பின. கம்பெனி, பஸ், லாரி, மெஷின் என்பன இன்று எல்லா மொழிக்கும் பொதுவாகிவிட்டன. வினைகளோ அங்ஙனம் எளிதிற் பெயர்வன அல்ல. அவற்றுள்ளும், குழந்தை முதன்முதற் கேட்கும் வா, போ, தா என்பன போன்றவை ஒரு குடும்பத்தின் நிலத்தைப்போலத் தலைமுறை தலைமுறையாகக் கைவிடப்படாமல் வருவன. இவற்றுள் ‘வா’ என்னும் ஒரு வினையை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கு வழங்கும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் அதன் வடிவமும் பொருளும் எவ்வாறு நிற்கின்றன என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. எல்லை நாடு

கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில், கருநாடகத்தையும் ஆந்திரத்தையும் ஒருங்கே தொட்டுக்கொண்டு கிடக்கின்றது. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையாற் பாராமகாலும், 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் ஆங்கிலக் கம்பெனியார் கைக்கு வந்து சேலம் ஜில்லாவோடு இணைந்தன. 1956-இல் மொழிவழி இராஜ்யங்கள் வகுக்கப்பட்டபோதும் இப்பகுதி சென்னை இராஜ்யத்திலேயே நின்றது. 1965-இல் தர்மபுரி தனி மாவட்டமாயிற்று; 2004-இல் அதனின்றும் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆட்சிகள் மாறியபோதும் வீடுகளின் மொழிகள் மாறவில்லை. தளியிலும், பாகலூரிலும், வேப்பனப்பள்ளியிலும், தேன்கனிக்கோட்டையிலும் கன்னடமோ தெலுங்கோ வீட்டுமொழியாகவுள்ள குடும்பங்கள் பல. உருது பேசும் குடும்பங்களும் பல.

ஓசூர் என்னும் பெயரே இதற்குச் சான்று. கன்னடத்தில் ‘ஹொச’ என்பது புதிய என்று பொருள்படும். ‘ஹொச ஊரு’ புதிய ஊர். தமிழில் ‘புது’ என நிற்பதும் கன்னடத்தில் ‘ஹொச’ என நிற்பதும் ஓரடியிற் பிறந்த சொற்களேயாம். பால் என்பது ஹாலு என்றும், போ என்பது ஹோகு என்றும் வருதல்போல, பழைய பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று.

1971-இற் சிப்காட் நிறுவனம் தோன்றியபின் ஓசூரிற் தொழிற்பேட்டை எழுந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் இங்கு நிலைபெற்றன. அதனால் தென்மாவட்டத் தமிழரும், பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு முதலிய வடநாட்டுப் பகுதியினரும் வந்து குடியேறினர். ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குக் காலையிற் சென்று மாலையில் மீள்வோரும் மிகுந்தனர். ஆதலின் வந்தேன், வருகிறேன், வருவாயா என்னும் பேச்சு இங்கு ஓயாது நிகழ்வது. அது பல மொழிகளிலும் நிகழ்வது. ஆலைக்கு ஒருவன் வந்தான் என்பதைத் தமிழர் ‘கம்பெனிக்கு வந்தான்’ என்பர். கன்னடர் ‘கம்பெனிகெ பந்தனு’ என்பர். தெலுங்கர் ‘கம்பெனிகி வச்சாடு’ என்பர். பெயர் மூவர்க்கும் இரவல். கு, கெ, கி என்னும் நான்காம் வேற்றுமை உருபுகள் மூவர்க்கும் உடைமை, வினையும் உடைமையே.

2. ஒலி வேற்றுமைக்குக் காரணம்

வா, பா, ரா எனத் தனித்தனியே கேட்குங்கால் இவை மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதன போலத் தோன்றும். ஒலிமாற்றத்தின் ஒழுங்கை அறிந்தார்க்கு அத்தோற்றம் நீங்கும். (இங்குத் தமிழெழுத்தில் எழுதப்படும் கன்னடச் சொற்களின் முதலிலுள்ள பகரத்தைக் ‘கம்பம்’ என்பதன் இடையிலுள்ள பகரம்போல மெலித்து ஒலிக்க.)

கன்னடத்தில், தமிழின் சொன்முதல் வகரம் பெரும்பாலும் இம்மெலிந்த பகரமாகும். வாய் என்பது பாயி. வில் என்பது பில்லு. வேர் என்பது பேரு. வெல்லம் என்பது பெல்ல. வெண்ணெய் என்பது பெண்ணெ. வாழை என்பது பாளெ. இவ்வரிசையில் வைத்து நோக்கின், ‘வா’ என்பது ‘பா’ ஆதல் ஒரு விதியின் பயன் என்பது தெளிவாகும்.

தெலுங்கின் மாற்றம் இதனினும் நுட்பமானது. அம்மொழியில், சொல்லின் முதலிலுள்ள உயிரும் அதனையடுத்த ரகர, ளகர மெய்களும் இடம்மாறி நிற்றல் ஒரு பழைய வழக்கம். இரண்டு என்பது ரெண்டு. உரல் என்பது ரோலு. உள் என்பதற்கு இனமானது லோ. மரம் என்பதற்கு இனமான சொல் பழந்தெலுங்கில் ‘ம்ரானு’ என நின்று, பின்னர் ‘மானு’ ஆயிற்று. இவ்வழக்கப்படியே ‘வர’ என்னும் அடி ‘வ்ரா’ என்றாகி, முதலிலுள்ள வகரமும் தேய்ந்து ‘ரா’ என நின்றது. எனவே ‘ரா’ என்பதில் நாம் கேட்பது, நம்முடைய ‘வர’ என்பதன் பின்பாதியையே. அதன் முன்பாதியைத் தெலுங்கு முற்றும் இழக்கவுமில்லை. ‘வச்சாடு’ என்பதன் முதலில் அவ்வகரம் இன்றும் உளது.

இத்தகைய ஒப்பீட்டுக்கு முதல்வழி திறந்தவர் சென்னைக் கலெக்டராயிருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் என்பவர். 1816-இற் காம்ப்பெல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்திற்கு அவர் எழுதிய முன்னுரையில், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை வடமொழியிற் பிறந்தவையல்ல என்றும், ஓரினத்தவை என்றும் சொற்பட்டியல் கொண்டு காட்டினார். 1856-இற் கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு அக்கருத்தை நிலைநாட்டினார். பாஸல் மிஷனைச் சார்ந்த கிட்டெல் ஐயரின் கன்னட அகராதி 1894-இல் வெளிவந்தது. அதில் நம் சொற்களின் உடன்பிறப்புகளைப் பக்கந்தோறும் காணலாம்.

3. வினை விகற்பம்

பவணந்தி முனிவர் நன்னூலில் வினைப்பகுதிகளின் ஈறுகளுக்கு இருபத்துமூன்று சொற்களை வாய்பாடாக நிறுத்துகின்றார். அவற்றுள் ‘வா’ இரண்டாவது. அந்நூலைச் செய்வித்தவனாகிய சீயகங்கன் கங்கர் குலத்தவன். கங்கர்க்குப் பழந்தலைநகர் இன்று கருநாடகத்திலுள்ள கோலார். தமிழிலக்கணத்தின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று, கன்னட நாட்டோடு தொடர்புடைய ஒரு குலத்தின் ஆதரவிற் பிறந்ததென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

‘வா’ என்னும் பகுதி தமிழில் இடத்திற்கேற்ப உருவம் மாறும். இறந்தகாலத்தில் ‘வ’ எனக் குறுகி வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என வரும். நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் ‘வரு’ எனத் திரிந்து வருகிறேன், வருவேன் என வரும். எதிர்மறையில் ‘வார்’ என நீண்டு வாரேன், வாராய், வாரான், வாராது என வரும். ஒரே பகுதி இங்ஙனம் மூன்று உருக்கொள்வதைப் பகுபத உறுப்பிலக்கணம் விகாரம் என்று கூறும்.

கன்னடத்தில் இதே அமைப்பைச் சிறிதும் சிதையாமற் காணலாம்:

வந்தேன் — பந்தெனு
வந்தான் — பந்தனு
வந்தாள் — பந்தளு
வந்தார் — பந்தரு
வருவேன் — பருவெனு
வருவான் — பருவனு
வந்து — பந்து

வகரத்தைப் பகரமாக்கி இறுதியில் உகரம் சேர்த்தால் தமிழன் கன்னடம் பேசிவிடலாம் என்று தோன்றும்! ஆயினும் நிகழ்காலத்திற் கன்னடம் தன்வழியே சென்று பருத்தேனெ, பருத்தானெ, பருத்தாளெ என்று கூறும். தமிழின் கிறு, கின்று என்னும் இடைநிலைகள் அங்கில்லை.

தெலுங்கில் வினை இருகிளையாகப் பிரிந்துள்ளது. உடன்பாட்டில் ‘வச்சு’ என்னும் அடி வரும்: வச்சானு (வந்தேன்), வச்சாவு (வந்தாய்), வச்சாடு (வந்தான்), வச்சாரு (வந்தார்), வஸ்தானு (வருவேன்), வஸ்தாடு (வருவான்). ஏவலிலும் எதிர்மறையிலும் ‘ரா’ வரும்: ரா (வா), ரண்டி (வாருங்கள்), ரானு (வாரேன்), ராவு (வாராய்), ராடு (வாரான்), ராரு (வாரார்).

இந்த எதிர்மறையை மாணவர் ஊன்றி நோக்குக. வாரேன், வாரான் என்பவற்றில் ‘இல்லை’ என்னும் பொருள் தரும் உறுப்பு வெளிப்படையாக யாதுமில்லை. காலங்காட்டும் இடைநிலை இல்லாமையே எதிர்மறையை உணர்த்துகின்றது. இத்தொன்மையான வடிவு தமிழ்ப் பேச்சில் மறைந்து, வரமாட்டேன், வரவில்லை என்பன அதன் இடத்தைப் பற்றின. நாம் செய்யுளிற் படித்து அறிவதை ஓசூர்ச் சந்தையிற் காய் விற்கும் தெலுங்குப் பெண் ‘ரானு’ என்று ஒரு சொல்லாற் சொல்லிவிட்டுப் போகின்றாள். பழந்தமிழ் இலக்கணத்துக்கு உரைகாண அண்டை வீட்டாரின் பேச்சு உதவும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

மற்றொரு வேற்றுமை பள்ளிக்கூடத்திற்கு மிகவும் வேண்டுவது. தமிழும் கன்னடமும் ஒருமையில் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என மூன்றாகப் பகுக்கும்: வந்தான், வந்தாள், வந்தது, பந்தனு, பந்தளு, பந்திது. தெலுங்கோ இரண்டாகவே பகுக்கும். ஆணுக்கு வச்சாடு, பெண்ணுக்கும் அஃறிணைக்கும் வச்சிந்தி. ‘அம்ம வச்சிந்தி’ என்பதும் ‘பஸ்ஸு வச்சிந்தி’ என்பதும் ஒரே முடிபு உடையன. பலரைக் கூறும்போதோ பெண்டிரும் ஆடவரோடு சேர்ந்து வச்சாரு என்னும் முடிபையே பெறுவர். எனவே தெலுங்கு வீட்டிற் பிறந்த ஒரு சிறுபிள்ளை தமிழ் வகுப்பில் ‘அம்மா வந்தது’ என்று எழுதினால், அது தாயை மதியாமையும் அன்று, அறிவுக்குறைவும் அன்று. தன் வீட்டின் இலக்கணத்தைத் தமிழில் நேர்மையாகக் கடைப்பிடித்ததேயாம். அதனை ஏளனஞ் செய்யும் ஆசிரியர் ஒரு பிழையைத் திருத்துகின்றார். காரணத்தை எடுத்துரைக்கும் ஆசிரியர் இரண்டு மொழிகளைக் கற்பிக்கின்றார். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழை இம்மாநிலப் பள்ளிகளிற் கட்டாயப் பாடமாக்கிய பின்னர், சிறுபான்மை மொழியினர் விலக்கு வேண்டி நீதிமன்றங்களை நாடியதும் உண்டு. சட்டத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இங்கு நம் நோக்கமன்று. சட்டம் எதுவாயினும், வகுப்பறையில் அப்பிள்ளையின் முன் நிற்பவர் ஓர் ஆசிரியர். அவர் அறிந்திருக்க வேண்டுவன இத்தகைய செய்திகளே.

4. பொருள்

இனி வருதல் என்பதன் பொருளை நோக்குவாம். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கையும் எடுத்து, தருதலும் வருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன என்றும், ஏனை இரண்டும் படர்க்கைக்கு உரியன என்றும் வரையறுக்கின்றார். என்னிடம் வந்தான், நின்னிடம் வருவேன், அவனிடம் சென்றான் என்பது முறை. வருதல் என்பது வெறும் இடப்பெயர்ச்சியன்று. பேசுவோனும் கேட்போனும் கூடி நிற்கும் இடத்தை நோக்கிய பெயர்ச்சி என்பது இவ்விதியாற் பெறப்படும்.

இதனாலன்றோ விடைபெறுவோர் ‘போகிறேன்’ என்னாது ‘போய் வருகிறேன்’ என்கின்றனர்! கன்னடரும் ‘ஹோகி பருத்தேனெ’ என்பர்; தெலுங்கரும் ‘வெள்ளி வஸ்தானு’ என்றும் ‘போயி வஸ்தானு’ என்றும் கூறுவர். மூவரும் புறப்படுங்கால் மீட்சியையே முற்றுவினையாக வைத்து, போதலை எச்சமாக்கிவிடுகின்றனர். இழவு வீட்டில் மட்டும் ‘போய் வருகிறேன்’ என்று நாம் சொல்வதில்லை. அங்கு மீண்டும் வருமாறு நேர்தல் கூடாதென்பது கருத்து. விடியற்காலையில் அத்திப்பள்ளி வழியாக எல்லை கடந்து வேலைக்குச் செல்வோர் வீட்டு வாயிலிற் சொல்லிச் செல்வது எம்மொழியிலாயினும் இந்த ஒரு வாக்கியமே.

தொடர்ச்சியைக் குறிப்பதற்கும் இவ்வினை துணையாகின்றது. தமிழிற் ‘செய்து வருகிறேன்’. கன்னடத்தில் ‘மாடுத்தா பந்தித்தேனெ’. தெலுங்கிற் ‘சேஸ்தூ வஸ்துன்னானு’. தமிழ் இறந்தகால எச்சத்தோடும் மற்றிரண்டும் நிகழ்கால எச்சத்தோடும் வருதலைச் சேர்க்கின்றன என்பதே வேறுபாடு. காலத்தை ஒரு பாதையாகக் கருதி, அதன்மேற் செயல் நம்மை நோக்கி நடந்து வருவதாகக் கொள்வது மூவர்க்கும் ஒக்கும்.

விலக்குதற்கும் இவ்வினையே பயன்படுகின்றது. கன்னடத்தில் ‘மாடபாரது’ என்றால் செய்யலாகாது. சொல்லுக்குச் சொல் நோக்கின், செய்ய வாராது என்பதாம். தெலுங்கில் ‘சேயராது’ என்பதும் அவ்வாறே. புகை பிடித்தல் கூடாது என்று அறிவிக்கும் தெலுங்குப் பலகைகளில் ‘பொக த்ராகராது’ என்று எழுதியிருக்கும். புகை குடிக்க வாராது என்பது அதன் சொற்பொருள். இதற்கு மறுதலையாக, அனுமதி தருங்கால் தெலுங்கர் ‘சேயவச்சு’, அஃதாவது செய்யலாம், என்பர். வருவது தகுவது, வாராதது தகாதது. இவ்விடத்துத் தமிழ் ஆகாது, கூடாது என்னும் வேறு வினைகளை நாடுகின்றது.

5. மொழி வருதல்

இவ்வினையின் பொருள்களுள் மிக அரியது ஒன்று உண்டு. ஒருவன் ஒரு மொழியை அறிவான் என்பதை நாம் எங்ஙனம் கூறுகின்றோம்? ‘எனக்குக் கன்னடம் வரும்’ என்கின்றோம். கன்னடர் ‘நனகெ தமிளு பருத்ததெ’ என்பர். தெலுங்கர் ‘நாகு தமிளம் வச்சு’ என்பர். மூன்றினும் மொழியே எழுவாய். மனிதன் நான்காம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கின்றான். ஆங்கிலத்தில் அறிபவன் எழுவாயாகி மொழியைச் செயப்படுபொருளாக்கித் தன்வயப்படுத்துவான். நம்மிடத்தோ மொழி தானே நடந்து வருகின்றது. மனிதன் அதற்கு இடந்தருபவன் மட்டுமே. காய்ச்சலும், கோபமும், சிரிப்பும், தூக்கமும் வருவதுபோலவே பாட்டும், கணக்கும், மொழியும் வருகின்றன. அடித்து வரவழைக்கத்தக்கன அல்ல இவை.

இவ்வழக்கு திராவிட மொழிகளின் பிறப்புரிமை என்று ஒருவர் முடிவுகட்டலாம். உண்மை அதற்கு மாறாக உள்ளது. தமிழுக்கு மிக நெருங்கிய மலையாளத்தில் ‘எனிக்கு மலையாளம் அறியாம்’ என்பதே பெருவழக்கு. அங்கு நான்காம் வேற்றுமை உண்டு, வருதல் இல்லை. இந்தியிலோ ‘முஜே ஹிந்தீ ஆதீ ஹை’ என்பர். எனக்கு இந்தி வருகிறது என்பதே அதன் நேர்ப்பொருள். உருதுவிலும் அவ்வாறே. உடன்பிறந்தாளிடம் இல்லாதது, வேறு குடும்பத்தாளிடம் உள்ளது! இதனால், மொழிகட்கு இருவகை உறவு உண்டென்பது விளங்கும். ஒன்று வேர் உறவு. வா, பா, ரா என்னும் வடிவங்களில் நாம் கண்டது அது. மற்றொன்று அண்டை உறவு; ஒரே தெருவில் நெடுங்காலம் வாழ்ந்தமையால் ஒருவர் நினைக்கும் முறையை மற்றவரும் மேற்கொள்வது. 1956-இல் எமெனோ என்னும் அமெரிக்க அறிஞர், இந்தியா முழுவதும் ஒரு மொழிப்பரப்பு என்று எழுதியது இவ்விரண்டாம் உறவைக் கருதியே.

இந்தி வேறு குடும்பத்தது என்பதற்கு அடையாளம் அதன் வினைமுடிபிலேயே உள்ளது. நான் வந்தேன் என்பதை ஆடவன் ‘மைம் ஆயா’ என்றும் பெண் ‘மைம் ஆயீ’ என்றும் கூறுவர். தமிழிற் தன்மையொருமைக்குப் பால் வேறுபாடு இல்லை. வந்தேன் என்பது இருவர்க்கும் பொது. இந்தியின் இவ்வியல்பை அதன் தூரத்து உறவினர் சிலரிடமும் காணலாம். ஐரோப்பாவின் தென்கிழக்கில் வழங்கும் செர்போ-குரோவாசிய மொழி அவற்றுள் ஒன்று. அங்கு வந்தேன் என்பதை ஆடவன் ‘தோஷாவோ ஸம்’ என்றும் பெண் ‘தோஷ்லா ஸம்’ என்றும் கூறுவர். ஆயா என்பதும் தோஷாவோ என்பதும் அடிப்படையில் வினையடியாகப் பிறந்த உரிச்சொற்கள் போல்வன. ஆதலின் பெயரைப்போற் பால் காட்டுகின்றன. அம்மொழியில் வந்துகொண்டிருத்தற்குத் ‘தோலஸிம்’ என்று ஒரு வினையும், வந்து சேர்தற்கு வேறொரு வினையும் தனித்தனியே உண்டு. நாம் ‘வருகிறேன்’, ‘வந்து சேர்கிறேன்’ என்று துணைவினையாற் காட்டும் வேற்றுமையை அவர்கள் பகுதியிலேயே காட்டுகின்றனர்.

அம்மொழியின் வரலாறும் எல்லை நாட்டார்க்கு ஒரு பாடமாகும். 1990-களில் யுகோஸ்லாவியா சிதைந்து தனி நாடுகள் எழுந்தபின், அம்மொழியும் செர்பியம், குரோவாசியம், போஸ்னியம், மொண்டெனேக்ரியம் எனப் பல பெயர் பெற்றது. ஒரு சாரார் இலத்தீன் எழுத்தையும், ஒரு சாரார் சிரில்லிக் எழுத்தையும் பெரிதும் போற்றுவர். ஆயினும் தன்யூபு ஆற்றின் இருகரையிலும் ‘தோலஸிம்’ என்றால் வருகிறேன் என்பதே பொருள். அங்கு வினை ஒன்று, மொழிப்பெயர்கள் பல. ஓசூரிலோ மொழிகள் உண்மையாகவே பல, எழுத்துகளும் பல. அவ்வாறிருந்தும் விடைபெறும் வாக்கியமும், மொழி வருதல் என்னும் எண்ணமும் ஒன்று. பெயர் ஒன்றாயிருத்தல் ஒற்றுமைக்குப் போதியதன்று; வேறாயிருத்தல் பகைக்குக் காரணமும் அன்று.

6. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். வா, பா, ரா என்பன ஒழுங்கான ஒலிமாற்றத்தாற் பிரிந்த ஓரடிச் சொற்கள் என்பது ஒன்று. ஒவ்வொரு மொழியும் அவ்வடியைத் தனக்குரிய இலக்கணத்தால் நடத்துகின்றது, ஆதலின் ஒன்றை மற்றொன்றின் சிதைவென்று கூறுதல் தகாது என்பது இரண்டாவது. பிறப்பாலன்றி அண்டை வாழ்க்கையாலும் மொழிகள் ஒருமை எய்தும் என்பது மூன்றாவது.

தமிழ்ச் சிறப்புப் பாடம் பயில்வோருட் சிலர், கன்னடத்தையும் தெலுங்கையும் தமிழின் திரிபுகள் என்று ஒதுக்குகின்றனர். வேறு சிலர் அவற்றைத் தமிழுக்கு இடையூறு என்று எண்ணுகின்றனர். வாரேன் என்னும் பழஞ்சொல்லுக்கு உயிருள்ள உரை ‘ரானு’ என்பதிற் கிடைக்குமானால், அவ்விரு எண்ணமும் நமக்கு இழப்பேயாம். நம் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அண்டைமொழிகளுள் ஒன்றன் எழுத்தையேனும் விடுமுறை நாட்களிற் கற்றுக்கொள்ளுதல் அரிய காரியமன்று. கன்னட எழுத்தும் தெலுங்கெழுத்தும் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருத்தலால், ஒன்றைக் கற்றவர்க்கு மற்றது பாதி வந்தது போலாம்.

நம்மிற் பலர் ஆசிரியராகச் செல்ல இருக்கின்றோம். எல்லைப்புறத்துப் பள்ளியில் ஒரு பிள்ளை ‘எனக்குத் தமிழ் வராது’ என்று சொல்லக் கேட்போம். வராது என்பது முடிந்த தீர்ப்பன்று. இன்னும் வழி திறக்கவில்லை என்பதே அதன் பொருள். விருந்தினரை எதிர்கொள்ளுதலைத் தமிழில் வரவேற்றல் என்கின்றோம், வரவை ஏற்றல். கன்னடர் அதனைப் ‘பரமாடிக்கொள்ளு’ என்பர், வரச்செய்து கொள்ளுதல். மொழிகளையும் அவ்வாறே வரச்செய்து ஏற்கும் வகுப்பறைகள் எல்லை நாட்டில் மிகுவனவாக.